அண்ணி வீட்டுப் படம்

என் வீட்டுக்காரரை இந்த ஊர்ல யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. ஸ்டூடியோன்னு தான் கூப்பிடுவாங்க. கடைத்தெரு முனையில ஒரு அறை, அதுக்குப் பின்னாடி கம்ப்யூட்டர் வச்சிருக்கிற ஒரு சந்து, அதுக்கும் பின்னாடி நாங்க குடியிருக்கிற இடம். முன்னறையில ஒரு முக்காலி, ரெண்டு குடை விளக்கு, சுவத்துல ஒரு சாம்பல் திரை. ஆணியில ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும், கோட்டு இல்லாதவங்க போட்டுக்கிட்டுப் படம் எடுத்துக்கறதுக்கு. முதுகுப் பக்கம் கிழிஞ்சிருக்கும், அது படத்துல தெரியாது. இந்த ஊர்ல வேலைக்கு மனு போட்ட முக்கால்வாசிப் பேர் அந்த ஒரே கோட்டுக்குள்ள தான் இருக்காங்க.

"காலரை இழுத்து விடுங்க. தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. ம்ம், சிரிச்ச முகம்." இது தான் அவர் வாய்ப்பாடு. கடன்காரன் துரத்தி வந்தவனைக் கூட ரெண்டு பல்லு தெரியாம வெளியே அனுப்ப மாட்டார். அப்புறம் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து டச்சப். பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழ இருக்கிற கருப்பு, எல்லாம் போயிடும். "அது அந்த மனுஷனோட மூஞ்சி தானே, இருந்துட்டுப் போகட்டுமே"ன்னு நான் சொல்வேன். "பரு நாளைக்குப் போயிடும், படம் அப்படியே இருக்கும்ல"ன்னு சொல்வார். பேச்சுல அவரை நான் ஜெயிச்சிடுவேன், தொழில்னு வந்துட்டா அவர் ஒரு இஞ்ச் நகர மாட்டார்.

இந்தத் தொழிலை அவருக்குக் குடுத்தது அவரோட அக்கா. எனக்கு நாத்தனார், அண்ணின்னு கூப்பிடுவேன். அப்பா அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துட்டாங்க. அண்ணி ஒரு லாட்ஜுல படுக்கை விரிப்பு துவைச்சு இஸ்திரி போட்டுத் தம்பியை ஆளாக்கினாங்க. தங்கிட்டுப் போன எவரோ ஒரு கேமராவை மறந்து விட்டுட்டுப் போயிட்டார். கேட்டு யாரும் வரலை. ரொம்ப நாள் அலமாரியில கிடந்ததை லாட்ஜுக்காரர் எடுத்து, "உன் தம்பி சும்மா தானே சுத்திக்கிட்டு இருக்கான், குடு"ன்னு அண்ணி கையில குடுத்துட்டார்.

அந்தக் கேமராகிட்ட முதல்ல மாட்டினது அண்ணி தான். துணி காயப்போட்டா படம், தலை வாரினா படம். ஃபிலிம் விக்கிற விலைக்கு ரெண்டாவது தடவை எடுக்க முடியுமா? தம்பி "சிரி அக்கா"ன்னு சொன்ன நொடியில சிரிச்சாகணும். அப்படிச் சிரிச்சுச் சிரிச்சு, எந்தக் கேமராவைக் கண்டாலும் முகம் தானா மலர்ந்துடுற மாதிரி ஆயிடுச்சு. ஒரு தடவை என்னோட ஏடிஎம்முக்கு வந்தவங்க, மேலே இருந்த கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கிட்டே பணம் எடுத்தாங்க. "அண்ணி, அது திருடனைப் பிடிக்க வச்சது"ன்னேன். "பிடிக்கிறவனும் நல்ல மூஞ்சியா ஒண்ணு பார்த்துட்டுப் போகட்டுமே"ன்னாங்க. அண்ணி அப்படிப்பட்ட ஆள்.

அண்ணி வீடு கரைத்தெருவுல. கடலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவுல இருக்கிற தெரு. அவங்க வீட்டுக்காரர் கட்டிக் குடுத்துட்டுப் போன ரெண்டு அறை வீடு. அவர் போன பிறகு மகனை அங்கேயே வளர்த்து, வேலைக்கு வெளியூர் அனுப்பி, தனியா இருந்தாங்க. எங்க கூட வந்து இருங்கன்னா, "என் வீடு என்ன ஆச்சு இப்ப"ன்னு கேப்பாங்க.

அப்புறம் புயல் வந்துச்சு. காத்து எப்படி அடிச்சதுன்னு நான் சொல்லப் போறதில்லை, அதை எல்லாரும் டிவியில பார்த்தாச்சு. காத்து ஒரே நாள்ல போயிடுச்சு. அது விட்டுட்டுப் போனது தான் இன்னும் போகலை. கரைத்தெருவுல எல்லா வீட்டுச் சுவத்துலயும் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கறை இருக்கு. தண்ணி நின்ன அளவு. எத்தனை தடவை சுண்ணாம்பு அடிச்சாலும் ஒரே மாசத்துல உப்பு பூத்து மேல வந்துடும். கிணத்துத் தண்ணியை வாயில வைக்க முடியலை. சின்னப் பிள்ளைங்க வருஷம் பூரா இருமுதுங்க. தகரம் பறந்த கூரைக்கு அன்னைக்கு ஒரு நீலத் தார்ப்பாய் குடுத்தாங்க, தற்காலிகம்னு சொல்லி. நாலு வருஷம் கழிச்சும் அதே தார்ப்பாய் தான், வெளுத்துப் போய்க் கிழிஞ்சு தொங்குது. லாட்ஜை மூடிட்டாங்க, அண்ணி வேலையும் போச்சு. அண்ணி வீட்டுக் கதவு தண்ணியில ஊறி உப்பினது உப்பினது தான், நிலைக்குள்ள திரும்பப் போகவே இல்லை. பூட்டு மட்டும் ஒரு பக்கம் ஆணியில தொங்கும். பக்கவாட்டுச் சுவர் ஒண்ணு சாஞ்சுக்கிட்டு நின்னுச்சு, ஒரு மரக்கட்டையை முட்டுக் குடுத்து வச்சிருந்தாங்க.

படங்களும் போச்சு. அதை யாரும் கணக்குல சேர்க்கலை. தண்ணி வடிஞ்ச பிறகு தெரு ஜனம் ஆல்பத்தை எடுத்துக்கிட்டு எங்க கடைக்குத் தான் வந்துச்சு. பக்கத்தோட பக்கம் ஒட்டி, செங்கல் மாதிரி இருக்கும். அவர் தண்ணியில ஊற வச்சு, ஒண்ணொண்ணாப் பிரிச்சு, கயித்துல கிளிப் போட்டுக் காய வச்சார். காஞ்சு வந்ததுல சட்டை இருக்கும், நாற்காலி இருக்கும், முகம் இருக்கிற இடத்துல வெறும் சாயம். ஒரு அம்மா அவங்க புருஷனோட ஒரே படத்தைக் கையில வாங்கி, "இந்தக் காது அவர் காது தான்"னு சொல்லிட்டுப் போனாங்க. அன்னைக்கு இவர் சாப்பிடலை. அண்ணியை எடுத்துத் தொழில் பழகின படம் பூராவும் அதே தண்ணியில தான் போச்சு.

அண்ணிக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு படம். அது இவர் எடுத்தது இல்லை. புயல் அடிச்ச வாரம் வெளியூர்ல இருந்து பெரிய பெரிய கேமராவோட ஆளுங்க வந்தாங்க. அண்ணி தலைவிரி கோலமா, இடுப்பு வரைக்கும் சேறோட, வாசப்படியில உட்கார்ந்து யாரையோ வாய் விட்டுக் கூப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. அவங்க பார்க்காதப்பவே அதுல ஒருத்தன் எடுத்துட்டுப் போயிட்டான். கேமராவைப் பார்த்திருந்தா சிரிச்சிருப்பாங்களே. அதைப் போஸ்டரா அடிச்சு, நன்கொடை குடுங்கன்னு எழுதி, ஊர் ஊரா ஒட்டினாங்க. மகன் ஃபோன் பண்ணினான். "அம்மா, இங்க பஸ் ஸ்டாண்டுல உன்னை ஒட்டியிருக்காங்க. என் கூட வேலை பார்க்கிறவங்க எல்லாம் பார்த்துட்டுப் போறாங்கம்மா."

அண்ணி ஃபோனை வச்சுட்டு, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கிட்டுப் படுத்துட்டாங்க. வருஷா வருஷம் புயல் வந்த தேதிக்கு அந்த மாதிரி ஆளுங்க வருவாங்க. கரைத்தெருக்காரங்க அவங்களைக் கண்டா வீட்டுக்குள்ள போயிடுவாங்க. பிள்ளைங்களுக்குச் சட்டையைப் போட்டு விட்டா, கழட்டச் சொல்லிக் கேட்ட புண்ணியவான் கூட உண்டு.

இந்த நிலைமையில தான் அறிவிப்பு வந்துச்சு. நாலு வருஷம் ஆகியும் சரியாகாத வீடுகளுக்குப் பதிலா, மேட்டுப் பக்கம் புது வீடு கட்டித் தரப் போறாங்க. மனுவோட ஒரு படம் வைக்கணும். வீட்டுக்காரங்க வீட்டு முன்னாடி நிக்கணும், முகம் தெரியணும், வீடு முழுசா தெரியணும். ஃபோன்ல எடுத்தாலே போதும்னு தான் சொன்னாங்க.

கரைத்தெருவே கிளம்பி எங்க கடைக்கு வந்துடுச்சு. "ஸ்டூடியோ, நீ தான் எடுத்துத் தரணும். ஃபோன் படமெல்லாம் வேணாம். ஒண்ணு மனுவுக்கு, ஒண்ணு சுவத்துக்கு." அவர் ஒரு பைசா வாங்க மாட்டேன்னுட்டார். நாலு வருஷமா அந்தத் தெருவுல எந்த வீட்டுச் சுவத்துலயும் ஒரு படம் கிடையாது. மனுவை விட அது தான் பெருசாத் தெரிஞ்சுது எல்லாருக்கும், அவருக்கும் சேர்த்து.

படம் எடுத்த அன்னைக்குத் தெருவைப் பார்க்கணும். கல்யாண வீடு தோத்துச்சு. எல்லா வீட்டுக் கூரையில இருந்தும் தார்ப்பாயை இறக்கி மடிச்சுட்டாங்க, நீலம் படத்துல கண்ணை அடிக்கும்னு இவர் சொன்னதால. விரிசல்ல ஈர மண்ணை அப்பினாங்க. சைக்கிள் கடைக்காரர் வீட்டுல இருந்து ஒரு ஜோடி பிளாஸ்டிக் நாற்காலி கிளம்பி, வீடு வீடாப் போச்சு. எங்க கறுப்புக் கோட்டும் அது பின்னாடியே போச்சு. ஒருத்தர் கழட்டினா அடுத்தவர் மாட்டிக்குவார். தையல்காரர் ரொம்பக் குண்டு, அவருக்குக் கை மட்டும் தான் நுழைஞ்சுது. "முன்னாடி பிடிச்சுக்குங்க, மூச்சு விடாதீங்க"ன்னு இவர் சொல்ல, தெருவே சிரிச்சுது. நாலு வருஷத்துல அந்தத் தெரு அப்படிச் சிரிச்சு நான் பார்க்கலை.

அண்ணி வீட்டுக்கு வந்தோம். அண்ணி இளம் மஞ்சள் சேலை கட்டி, படியச் சீவிக்கிட்டு நின்னாங்க. சாஞ்ச சுவத்து மேல, லாட்ஜ் மூடினப்ப குடுத்த பூப்போட்ட விரிப்பை விறைப்பா இழுத்துக் கட்டியிருந்தாங்க. பூ பூவா, பார்க்க லட்சணமா இருந்துச்சு. முட்டுக் கட்டை மட்டும் துருத்திக்கிட்டு நின்னுச்சு.

"தம்பி, இதை எடுத்துடலாமா?"

"சுவர் வந்துடும்க்கா."

"ஒரு நிமிஷம் தானேடா. நீ டக்குன்னு எடுத்துடு."

அவரும் சைக்கிள் கடைக்காரரும் கட்டையை உருவினாங்க. அண்ணி ஓடி வந்து நின்னாங்க, சிரிச்சாங்க, இவர் எடுத்தார், கட்டையைத் திருப்பி வச்சுட்டாங்க. ஒரே படம், அந்தக் காலத்து ஃபிலிம் மாதிரி.

அன்னைக்கு ராவெல்லாம் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருந்தார். காலையில பார்த்தா எல்லாப் படத்துலயும் வீடு பளிச்சுன்னு இருக்கு. நெஞ்சு உயரக் கறை ஒரு வீட்டுலயும் இல்லை. கன்னத்துத் தழும்பை எடுக்கிற மாதிரி ஒவ்வொரு வீட்டுக் கறையையும் எடுத்திருக்கார். எனக்குக் கூட அது தப்பாத் தோணலை. அழகா இருக்குன்னு தான் சொன்னேன். அண்ணி படத்தைக் கையில வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாங்க. "என் வீடு இப்படியாடா இருக்கு?"ன்னாங்க. மகனுக்கு ஒண்ணு தபால்ல அனுப்பினாங்க. "அந்த பஸ் ஸ்டாண்டுல இதைக் கொண்டு போய் ஒட்டச் சொல்லு"ன்னாங்க, சிரிச்சுக்கிட்டு.

முடிவு வந்தப்ப கரைத்தெருவுல ஒரு வீட்டுக்குக் கூடக் கிடைக்கலை. குடியிருக்கத் தகுந்த நிலையில் உள்ளதுன்னு எல்லாருக்கும் ஒரே பதில். செங்கல் சூளைக்குப் பின்னாடி இருக்கிற குடியிருப்புல ஃபோன்ல கோணல் மாணலா எடுத்துக் குடுத்திருந்தாங்க, அவங்க எல்லாருக்கும் கிடைச்சுது. அவங்களும் பாவப்பட்டவங்க தான், நல்லா இருக்கட்டும். ஆனா என் வயித்தெரிச்சல் அடங்கலை.

மனு குடுத்த ஆபீசுக்கு அவரோட நானும் போனேன். தனியா விட்டா கும்பிட்டுட்டு வந்துடுவார். அங்க இருந்தது ஒரு மேடம், சின்ன வயசு, கெட்டவங்கன்னு சொல்ல முடியாது. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாங்க. ஒண்ணு பின்னாடி ஒண்ணா எங்க தெரு ஓடுது. அதே கோட்டு, அதே நாற்காலி.

"இதுல எங்க சார் சேதம் இருக்கு? எல்லாரும் கோட்டு போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க."

"சுவத்துல கறை இருக்கு மேடம். இவ்வளவு உயரம்." நெஞ்சுல கை வச்சுக் காட்டினார்.

"எங்க இருக்கு?"

"நான் எடுத்துட்டேன்."

பக்கத்து மேஜையில ஒருத்தர் சிரிப்பை அடக்க முடியாம எழுந்து போனார். மேடம் சிரிக்கலை. "அந்தக் கறையைத் தான் சார் நாங்க முதல்ல பார்ப்போம். எவ்வளவு தண்ணி நின்னுச்சுன்னு அது தான் சொல்லும்"னாங்க. கறை எடுக்காத படமும் இருக்குன்னு இவர் பையில இருந்து எடுத்துக் குடுத்தார். அதுலயும் கோட்டு, விரிப்பு, நாற்காலி தானே. மேடம் திருப்பிக் குடுத்துட்டாங்க. "இந்தச் சுற்று முடிஞ்சு போச்சு. மழைக்கு முன்னாடி மறுமனு வாங்குவோம். உள்ளது உள்ளபடி எடுத்துட்டு வாங்க."

தெருவுல யாரும் அவரைத் திட்டலை. திட்டியிருந்தா நான் இடுப்புல சேலையைச் செருகிக்கிட்டுச் சண்டைக்குப் போயிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும். "நாங்க தானே நல்லா எடுக்கச் சொன்னோம், நீ என்ன பண்ணுவே"ன்னு தையல்காரர் சொன்னப்ப, இவர் பேயறைஞ்ச மாதிரி நின்னார்.

மறுபடியும் வீடு வீடாப் போனார். தார்ப்பாயோட, கறையோட, இருமுற பிள்ளையோட. இந்தத் தடவை யாரும் சிரிக்கலை, அவரும் வாய்ப்பாடு சொல்லலை. பழக்க தோஷத்துல "தாடையைக் கொஞ்சம்"னு ஆரம்பிப்பார், முழுங்கிடுவார். எல்லாரும் நின்னாங்க. அண்ணி மட்டும் முடியாதுன்னுட்டாங்க.

"அக்கா, கட்டையோட, விரிப்பு இல்லாம ஒண்ணு. அவ்வளவு தான். உன் சுவர் தான் இந்தத் தெருவுலயே மோசம். உனக்குக் கட்டாயம் கிடைக்கும்."

"சுவத்தை எடுத்துக்கோ. நான் நிக்க மாட்டேன்."

"ஆள் நிக்கணும்க்கா. முகம் தெரியணும்."

"அப்படி ஒரு முகம் ஊர் பூரா ஒட்டியிருக்கே, அது போதாதா? இப்ப தான் எனக்குன்னு ஒரு படம் இருக்கு. நாளைக்கு நான் போனா என் மகன் எதை வச்சுக்குவான்? நீயும் அவங்களை மாதிரி எடுக்கணுமாடா என்னை?"

நான் குறுக்கே பூந்தேன். "அண்ணி, உசிரு பெருசா படம் பெருசா? அந்தச் சுவர் மேல விழுந்தா என்ன பண்ணுவீங்க?"

"விழுந்தா, அப்ப வந்து படம் எடுத்துக்கட்டும்"னாங்க.

இன்னும் நாலு வார்த்தை அவர் கெஞ்சியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பாங்க. இந்த மனுஷனுக்கு அது வரலை. நல்ல முகத்தை மட்டும் கேட்டு வாங்கிப் பழகின வாய். கேமராவைப் பைக்குள்ள வச்சுக்கிட்டு வந்துட்டார். எங்க வீட்டுக்கு வந்துடுங்கன்னு நான் போய் எத்தனை தடவை கூப்பிட்டேன்? அரைச்ச மாவையே அரைச்சுட்டு வந்தேன்.

எனக்குப் பொறுக்கலை. ஆஸ்பத்திரியில டோக்கன் குடுக்கிற இடத்துல அந்தப் பழைய போஸ்டர் இன்னும் இருந்துச்சு. கேட்டா குடுக்க மாட்டாங்கன்னு கேக்காமலே கிழிச்சு, சுருட்டி, மேடம் மேஜையில விரிச்சேன். "இதோ சேறு, இதோ வாசப்படி, இதோ கறை. இது எங்க அண்ணி. இதைப் பார்த்துக் குடுங்க." மேடம் குனிஞ்சு பார்த்தாங்க. அவங்க கண்ணு கலங்கினதை நான் பார்த்தேன். "இது எங்க எடுத்தது, எப்ப எடுத்ததுன்னு இதுல எதுவும் இல்லையேம்மா. இதை நான் எப்படி வாங்குறது?"ன்னாங்க. உலகம் பூரா அந்தப் படத்தைக் காட்டிப் பணம் வாங்கலாம், அந்த அம்மாவுக்கே ஒரு சுவர் வாங்க முடியாது. சுருட்டி எடுத்துக்கிட்டு வந்து அடுப்புல வச்சேன்.

மழை பிடிச்சுது. பெரிய மழை கூட இல்லை, நசநசன்னு நாள் கணக்கா. ஒரு மத்தியானம் அண்ணி தெருக்குழாயில குடம் நிரப்பிக்கிட்டு இருந்திருக்காங்க. சத்தம் கேட்டுத் திரும்பினா சுவர் இல்லை. சுவரோட கூரையும், கூரையோட வீட்டு முன்பக்கமும் சேர்ந்து விழுந்திருக்கு. குழாயை மூடக் கூடத் தோணாம, குடம் வழிய வழிய நின்னுக்கிட்டு இருந்தாங்கன்னு தெருவுல சொன்னாங்க. நாங்க போய்ச் சேர்ந்தப்ப தையல்காரர் மண்ணுக்குள்ள கையை விட்டு எதையோ இழுத்துக்கிட்டு இருந்தார். அந்தப் படம் தான். லேமினேட் பண்ணினது, ஒரு கீறல் கூட இல்லை.

ரெண்டு மூணு நாள்ல மேடம் வந்தாங்க. கையில டேப்லெட்டு, அதுல அண்ணி வீட்டுப் படம். படத்தையும் மண் குவியலையும் மாறி மாறிப் பார்த்தாங்க.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா, கேட்டு எழுதணும். புது வீட்டுக்காகச் சில பேர் தாங்களே இடிச்சிடறாங்க. இந்த வீடு நல்லா தானே இருந்துச்சு?"

திரையைத் திருப்பிக் காட்டினாங்க. இளம் மஞ்சள் சேலை, பூப்போட்ட விரிப்பு, கறையில்லாத சுவர். அண்ணி அதையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவு தான்.

"ஆமா மேடம். நல்லா தான் இருந்துச்சு."

நான் தலையில அடிச்சுக்கிட்டேன். "ஐயோ அண்ணி, என்ன பேசுறீங்க. மேடம், கட்டை முட்டுக் குடுத்து நின்ன வீடு இது, தெருவையே கேளுங்க." தெருவும் சொல்லுச்சு. மேடம் எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்க. ஆனா அண்ணி சொன்னதையும் தான் எழுதினாங்க. எழுதாம விட முடியாதுன்னாங்க. "ஒண்ணு பண்ணுங்க. இந்த இடத்துல இவங்க நிக்கிற மாதிரி இப்பவே ஒரு படம் எடுத்துக் குடுங்க. நானும் வச்சு அனுப்பிப் பார்க்கிறேன்."

அண்ணி இந்தத் தடவை மறுக்கலை. நனைஞ்ச சேலையோட, மண் குவியல் மேல ஏறி நின்னாங்க. "எடுத்துக்கோடா"ன்னாங்க. இவர் கேமராவைத் தூக்கினார். அண்ணி சிரிச்சாங்க.

இவர் இறக்கிட்டார். மறுபடியும் தூக்கினார். மறுபடியும் அதே சிரிப்பு. மேடம் என்கிட்ட மெதுவா, "சிரிச்ச மாதிரி இருந்தா மேல நம்ப மாட்டாங்கம்மா"ன்னாங்க.

"அக்கா, சிரிக்காதே."

முப்பது வருஷத் தொழில்ல அந்த வார்த்தையை அவர் வாயில நான் கேட்டதில்லை.

"நான் எங்கடா சிரிக்கிறேன்?" அண்ணி கேட்டாங்க. நெஜமாவே தெரியலை அவங்களுக்கு. கையால வாயைத் தொட்டுப் பார்த்தாங்க. வாயைச் சேர்த்து வச்சுக்கிட்டு நின்னாங்க. கேமரா மேல போன உடனே முகம் தானா விரியுது.

அப்புறம் கேமராவுக்குப் பின்னாடி இருந்துக்கிட்டே, யாரோ சொல்ற மாதிரிச் சொன்னார். "அக்கா, உன் வீடு போச்சு."

அண்ணி சிரிப்பு நின்னுச்சு. நின்னு, அந்த முகம் அப்படியே இறங்குச்சு. ஆஸ்பத்திரிச் சுவத்துல நான் கிழிச்ச அதே முகம். வாய் திறந்துக்கிச்சு, சத்தம் வரலை. இது தான் மேடம் கேட்ட படம். இவர் விரல் பட்டன் மேல இருக்கு, அழுத்த முடியலை. கண்ணை மூடிக்கிட்டார். "என்னால ஆகலைடி"ன்னார்.

கேமராவை நான் வாங்கினேன். பட்டன் எதுன்னு எனக்குத் தெரியும், அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. அழுத்தினேன். கோணலா, பாதி தலை வெட்டுப்பட்டு வந்துச்சு. முகம் தெரிஞ்சுது. அண்ணி கேமராவுக்குப் பின்னாடி இருந்தது நான்னு பார்த்தாங்க. இறங்கி வந்தாங்க.

அதுக்கப்புறம் ரெண்டு மழைக்காலம் பேஞ்சு ஓய்ஞ்சாச்சு. விசாரணையில இருக்குன்னு சொல்றாங்க. வீடு தானா இடிஞ்சுதா, இடிச்சாங்களான்னு முடிவாகலையாம். அந்த மேடமும் மாத்தலாகிப் போயிட்டாங்க, புதுசா வந்தவர் முதல்ல இருந்து கேக்குறார். நான் எடுத்த படத்தை அண்ணிகிட்ட யாரும் காட்டலை, அவங்களும் கேக்கலை.

அண்ணி இப்ப எங்க கூடத் தான் இருக்காங்க. இவர் இப்பெல்லாம் யாரையும் சிரிக்கச் சொல்றதில்லை. விளக்கைப் போடுறார், எடுக்கிறார், அனுப்புறார். வர்றவங்க பிடிச்சு வச்ச மாதிரி உட்கார்ந்துட்டுப் போறாங்க. அண்ணி தான் உள்ளே இருந்து, "தம்பி, அந்தப் பொண்ணைக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லேன்டா"ன்னு குரல் குடுப்பாங்க. இவர் காதுல வாங்காத மாதிரி இருப்பார்.

முன்னறையில கோட்டுக்குப் பக்கத்துல அந்த வீட்டுப் படத்தை மாட்டி வச்சிருக்கோம், அண்ணி கேட்டாங்கன்னு. முந்தாநாள் படம் எடுக்க வந்த ஒரு அம்மா அதைப் பார்த்துட்டு, "யார் வீடுங்க இது, இவ்வளவு சுத்தமா இருக்கு?"ன்னு கேட்டாங்க.

"என் வீடு தான்"னாங்க அண்ணி.

"இப்ப யார் இருக்காங்க அங்க?"

"யாருமில்லைம்மா. பூட்டி வச்சிருக்கேன்."

நான் உள்ளே துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். எதுக்கெடுத்தாலும் குறுக்கே பேசுறவ, அன்னைக்கு வாயைத் திறக்கலை.